மலிவு விலை .22 ரிவால்வர்: அதைச் சீக்கிரம் சாகடிக்கும் தவறுகள்

அமெரிக்காவில் முதல் கைத்துப்பாக்கி வாங்குபவர்கள் பலர் கையில் எடுப்பது ஹெரிடேஜ் ரஃப் ரைடர். ஆறு தோட்டா கொள்ளும், ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹேமரை (பின்புறச் சுத்தியை) இழுத்துச் சுடவேண்டிய, பழைய கௌபாய் பாணி .22 அங்குல ரிவால்வர். இப்போது டாரஸ் நிறுவனத்தின் கீழ் ஜார்ஜியா மாநிலத்துப் பெயின்பிரிட்ஜ் ஊரில் தயாராகிறது. ஏறக்குறைய 150 டாலருக்குக் கிடைப்பதற்குக் காரணம் அதன் உடல். குழலும், தோட்டா அறைகளோடு சுழலும் சிலிண்டரும் எஃகு. அவற்றைத் தாங்கும் சட்டமோ (ஃபிரேம்) துத்தநாகக் கலவை வார்ப்பு. சுமார் 96 சதவீதம் துத்தநாகம், 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் செம்பு, துளி மெக்னீசியம். ஜமாக் என்பார்கள்.

மலிவான உலோகம் என்பதால் சீக்கிரம் போய்விடும் என்று பொருளில்லை. இதில் போடும் .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டா வலுக்குறைந்தது. அதைச் சுடுவதால் இந்தச் சட்டம் தேய்வது மிகக் குறைவு. எஃகுத் துப்பாக்கிக்கு உரிய பழக்கங்களை அப்படியே இதன்மேல் காட்டுவதுதான் இதைக் கெடுக்கிறது. பழுதுக்கு வரும் துப்பாக்கிகளில் காணப்படும் சேதம் பெரும்பாலும் சுடும் களத்தில் நேர்ந்ததல்ல, வீட்டு மேசைமேல் நேர்ந்தது.

எதைத் தொடும் முன்பும் குழல் பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க, ஹேமரை அரைக் காக் நிலைக்கு (பாதி இழுத்த நிலை) கொண்டுவந்து, லோடிங் கேட்டை (தோட்டா போடும் சிறு கதவு) திறந்து, ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றிக் கண்ணால் பாருங்கள். தோட்டாப் பெட்டி அந்த மேசையிலேயே இருக்கக்கூடாது.

காலித் துப்பாக்கியின் விசையை இழுப்பது

முதல் தவறு இதுதான், மிகப் பெரிய தவறும் இதுதான். மற்றத் தோட்டாக்களில் பற்றுமருந்து அடிப்பாகத்தின் நடுவில் தனிக் குமிழாக இருக்கும். ரிம்ஃபயர் எனப்படும் இந்த .22 வகையில் அது கூட்டின் விளிம்புக்குள்ளேயே, சுற்றிலும் பூசப்பட்டிருக்கும். ஆகவே ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) விளிம்பைத்தான் அடிக்கவேண்டும். தோட்டா இருந்தால் மென்மையான பித்தளை அந்த அடியை வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் பின்னின் முனை நேராக அறையின் வாயோரத்து எஃகில் போய் இடிக்கலாம். நூறு, இருநூறு முறை இப்படி இழுத்தால் அந்த இடத்தில் சிறு பள்ளம் விழும், பிதுங்கிய உலோகம் அறைக்குள் தள்ளும். பிறகு தோட்டா முழுசாக இறங்காது, சுட்ட கூடு வெளியே வராது. பள்ளம் விழுந்த இடத்தில் விளிம்புக்குப் பின்னால் தாங்கல் இல்லாததால் அடி வலுவாக விழாது, தோட்டா வெடிக்காமலும் போகும். பின் முனையும் மழுங்கும்.

பிதுங்கலை அரம் வைத்து ராவுவது அடுத்த தவறு. ராவினால் அந்த உலோகம் போய்விடும், அறை அகன்றுவிடும். துப்பாக்கி மெக்கானிக்கிடம் சேம்பர் அயர்ன் என்ற கூம்புக் கருவி இருக்கும். அது பிதுங்கிய உலோகத்தை வந்த இடத்துக்கே திருப்பி அழுத்தும்.

வீட்டில் பயிற்சி வேண்டுமென்றால் போலித் தோட்டா போடுங்கள். ஒரு எச்சரிக்கை: .22க்கு விற்கும் அலுமினியப் போலித் தோட்டாக்கள் சில, ஏற்றி இறக்கிப் பார்ப்பதற்கு மட்டுமே, திரும்பத் திரும்ப அடி வாங்குவதற்கு அல்ல. பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பலரும் பயன்படுத்துவது இரும்புக் கடையில் கிடைக்கும் 7/8 அங்குல மஞ்சள் பிளாஸ்டிக் சுவர் ஆங்கர். அதன் தலை ரிம் போலவே உட்காரும், விலை சில காசுகள். தலையில் அடித்தடம் விழ விழச் சற்றுத் திருப்பிப் போட்டு, சுற்றிலும் தடம் விழுந்ததும் தூக்கிப் போட்டுவிடலாம். நிறமே காட்டிக்கொடுப்பதால் நிஜத் தோட்டாவோடு குழப்பம் வராது என்பது இதன் பெரிய நன்மை.

சிலிண்டரை மாற்றிப் போடுவது

ரஃப் ரைடரை இரண்டு சிலிண்டரோடும் விற்கிறார்கள்: ஒன்று .22 எல்.ஆர்., மற்றது .22 மேக்னம். இரண்டுக்கும் குழல் ஒன்றே என்பதால் தோட்டாவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். எல்.ஆர். கூட்டின் விட்டம் 5.7 மி.மீ., நீளம் 15.6 மி.மீ. மேக்னத்தின் விட்டம் 6.1 மி.மீ., நீளம் 26.8 மி.மீ. மேக்னம் தோட்டா எல்.ஆர். அறைக்குள் இறங்காது, அதனால் அந்தப் பக்கம் ஆபத்தில்லை. எல்.ஆர். தோட்டாவோ மேக்னம் அறைக்குள் தாராளமாக விழும், வெடிக்கவும் செய்யும். சுற்றிலும் இடம் இருப்பதால் மெல்லிய பித்தளை வீங்கிக் கிழியும், சூடான வாயுவும் பித்தளைத் துணுக்கும் பின்பக்கமாகச் சீறும். எல்.ஆர். சிலிண்டரை மாட்டியிருக்கிறோமா என்று பார்ப்பதற்கு ஐந்து நொடி போதும்.

பழைய சந்தையில் தனியாக ஒரு சிலிண்டர் வாங்கி மாட்டுவதும் வேண்டாம். சிலிண்டர் சுழன்று குழலுக்கு நேரே நிற்பது அந்தந்தத் துப்பாக்கியின் பாகங்களோடு பொருந்தியிருக்கும். இன்னொன்றின் சிலிண்டர் அரை மி.மீ. விலகி நின்றால் குண்டு குழல் வாயில் உரசி ஈயத்தைச் சீவும்.

.22 ஷார்ட் தோட்டாவை எல்.ஆர். அறையில் சுடலாம், தடையில்லை. ஆனால் அதன் கூடு 10.7 மி.மீ. நீளம்தான். கூடு முடியும் இடத்துக்கு முன்னால் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். துடைக்காமல் அடுத்து எல்.ஆர். போட்டால் பாதியில் நிற்கும். அந்த நேரத்தில் கட்டைவிரலால் அழுத்தித் திணிக்கக்கூடாது, பற்றுமருந்து இருப்பது அந்த விளிம்பில்தான்.

சுத்தம் செய்வதில் அளவு மீறுவது

குண்டு மென்மையான ஈயம், மேலே மெழுகுப் பூச்சு, சிலவற்றில் மெல்லிய செம்பு முலாம். இது குழலை அவ்வளவாகத் தேய்க்காது. துடைக்கும் கம்பியை முன்வாயிலிருந்து நுழைத்து ஒவ்வொரு முறையும் இழுத்துத் தேய்ப்பதுதான் தேய்க்கிறது. மூன்று துண்டாகத் திருகும் அலுமினியக் கம்பியின் மூட்டுகள் குழல் வாயின் ஓரத்தில் உராயும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் வாயு சமமில்லாமல் வெளியேறிக் குறி கலையும். சிலிண்டரைக் கழற்றிவிட்டால் சட்டத்தின் சன்னல் வழியாகப் பின்னாலிருந்து முன்னுக்கு இழுக்கும் கயிற்றுத் துடைப்பானைப் பயன்படுத்தலாம். குழலுக்கு அது போதும்.

அறைகள் கதை வேறு. அவற்றை ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கவனிக்கவேண்டும். .22 பித்தளைத் தூரிகையைக் கரைப்பானில் நனைத்து அறைக்கு ஐந்தாறு சுற்று, பிறகு துணி. சிலிண்டர் சுழலும் பின்னையும் அது நுழையும் துளையையும் துடைத்து, ஒரே ஒரு துளி மெல்லிய எண்ணெய் தடவுங்கள். களத்தில் சுட்டுக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் இறுக ஆரம்பித்தால், பெரும்பாலும் காரணம் இந்தப் பின்னில் ஏறிய கரிதான். மாட்டும்போது பின் முழுதும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் சொடுக்கிற வரை தள்ளவேண்டும். பாதியில் விட்டால் சுடும் அதிர்வில் நழுவி முன்னுக்கு வரும்.

சிலிண்டரின் முன்முகத்தில் கருப்பு வளையங்கள் நிற்கும். அது அழகுக் குறைவு மட்டுமே. உப்புத்தாள் போட்டு அதைப் பளபளப்பாக்குபவர்கள் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவேயான இடைவெளியைத்தான் கூட்டுகிறார்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்த்தால் அந்த இடைவெளி 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. அதைத் தாண்டத் தாண்டப் பக்கவாட்டில் ஈயத் துணுக்கும் வாயுவும் தெறிப்பது கூடும். புதுத் துப்பாக்கியிலும் கொஞ்சம் தெறிக்கும். பக்கத்தில் யாரையும் தோளோடு தோளாக நிற்க விடாதீர்கள், எல்லாருக்கும் கண்ணாடி வேண்டும்.

இனி ஜமாக்குக்கே உரிய விஷயங்கள். துத்தநாகத்துக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. எஃகு பாகங்களுக்காக விற்கும் அல்ட்ராசோனிக் தொட்டித் திரவங்கள் பல காரமானவை, சூடானவை. சட்டத்தை அதில் போட்டு அரை மணி நேரம் விட்டால் பூச்சு உரிந்து, அடியில் சாம்பல் நிறப் புள்ளிகள் தோன்றும். அம்மோனியா கலந்த செம்புக் கரைப்பானுக்கு இந்தத் துப்பாக்கியில் வேலையே இல்லை. பிரேக் கிளீனர் தெளித்தால் பெயின்ட் போகும். பெயின்ட் போன இடத்தில் ப்ளூயிங் (எஃகைக் கருநீலமாக்கும் ரசாயன முறை) செய்து மறைக்கலாம் என்று எண்ணினால் அதுவும் நடக்காது. துத்தநாகம் ப்ளூயிங்கை ஏற்காது. சூடான ப்ளூயிங் தொட்டி கடுங்காரம், சட்டத்தையே அரித்துவிடும். உலோகத்துக்கான பேனா பெயின்ட்டால் தொட்டு மூடுங்கள், அவ்வளவுதான் செய்யமுடியும்.

திருகும் எண்ணெயும்

மென்மையான வார்ப்பில் வெட்டிய மரை, எஃகு திருகை விட முதலில் தோற்கும். இறுக்கிய பிறகும் "இன்னும் ஒரு கால் சுற்று" கொடுத்தால் மரை உருவிக்கொண்டு வரும், அதைச் சரிசெய்யும் செலவு துப்பாக்கி விலைக்கே நெருங்கும். எஜெக்டர் ராடின் (சுட்ட கூட்டைத் தள்ளும் கம்பி) உறையைப் பிடிக்கும் ஒற்றைத் திருகு சுடச்சுடத் தளரும் என்பது இந்த வகை ரிவால்வர்களுக்கெல்லாம் பொது. அதற்குத் தீர்வு முறுக்குவதல்ல. திருகைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, நீல நிற மரைப் பசையை ஊசி முனையளவு வைத்து, மிதமாக இறுக்கி ஒரு நாள் விடுங்கள். சிவப்புப் பசை வேண்டாம். அதைக் கழற்றச் சூடு காட்டவேண்டும், இந்தக் கலவையோ 380 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். திருகுளியும் முக்கியம். ஆப்பு போல் சரிந்த வீட்டுத் திருகுளி திருகின் வெட்டைக் கிழிக்கும், முனை இருபுறமும் இணையாக இருக்கும் துப்பாக்கிப் பிட் வேண்டும்.

எண்ணெயை ஊற்றினால் அது ஃபயரிங் பின் துளைக்குள் இறங்கிக் கரியோடு சேர்ந்து பிசினாகும். குளிர்காலத்தில் பின் மெதுவாக நகரும், அடி லேசாக விழும்.

கையாளும் முறை

திரைப்படத்தில் பார்த்து, இடது கையால் ஹேமரைத் தட்டித் தட்டிச் சுடுவது வேண்டாம். சிலிண்டர் அந்த வேகத்தில் வந்து, அதை நிறுத்தும் பூட்டு நாக்கில் மோதும். நாக்கு பொருந்தும் சிலிண்டர் வெட்டின் ஓரம் பிதுங்கும், நாக்கு எட்டிப் பார்க்கும் சட்டத்துத் துளை அகலும். எஃகு தாங்குவதைத் துத்தநாகம் தாங்காது.

அரைக் காக் நிலை, தோட்டா ஏற்றி இறக்க மட்டும். அதைப் பாதுகாப்பு என்று நம்பக்கூடாது. இடப்பக்கப் பாதுகாப்பு நெம்புகோலில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் சுடத் தயார் என்று பொருள். அது மறைந்திருந்தாலும், ஹேமருக்கு நேரே வரும் அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டாவோடு வைத்திருப்பதே இந்த வடிவத்துக்கு உரிய பழக்கம்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, காலியென்று உறுதிசெய்த பிறகு, ஹேமரை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஹேமர் முழுதும் நிற்பதற்கு முன்பே, அல்லது அதே நொடியில், சிலிண்டர் பூட்டிக்கொள்ளவேண்டும். ஹேமர் நின்ற பிறகும் விரலால் தள்ளினால்தான் சிலிண்டர் 'டக்'கென்று பூட்டுகிறது என்றால், அதைச் சுழற்றும் கை போன்ற பாகம் தேய்ந்திருக்கிறது. ஆறு அறைகளையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று மட்டும் பிந்துவதும் உண்டு. இந்த நிலையில் சுடுவதை நிறுத்திவிடவேண்டும்.

தோட்டா

விளிம்புக்குள் பற்றுமருந்து எல்லா இடத்திலும் சமமாகப் பரவாத தோட்டா, மலிவுப் பெட்டிகளில் அவ்வப்போது வரும். வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே 30 நொடி வைத்திருங்கள். பிறகு எடுத்துப் பாருங்கள். அடித்தடம் ஆழமாக இருந்தால் தோட்டாவின் குறை, லேசாக இருந்தால் துப்பாக்கியின் குறை. வழக்கத்தை விடச் சத்தம் குறைந்து 'புஸ்'ஸென்று கேட்டாலோ, இலக்கில் துளை விழாவிட்டாலோ, அடுத்ததைச் சுடாதீர்கள். முழுதும் இறக்கி, சிலிண்டரைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். அகிலா கொலிப்ரி போல வெடிமருந்தே இல்லாமல் பற்றுமருந்தால் மட்டும் போகும் தோட்டாக்களில் இந்த ஆபத்து கூடும். சிலிண்டர் இடைவெளியில் வாயு கசிவதால், நீளமான குழலில் குண்டு நடுவழியில் நின்றுவிடலாம்.

குறி சற்று விலகுகிறது என்று முதல் நாளே முன் சைட்டை (குழல் முனையில் குறிபார்க்கும் மேடு) ராவுகிறார்கள். தோட்டா மாறினாலே விழும் இடம் மாறும். முதலில் ஒரு தோட்டாவைத் தேர்ந்து, அதையே 10 மீட்டரில் தாங்கல் வைத்து ஐந்தைந்தாகச் சில தொகுதி சுடுங்கள். குறிக்குக் கீழே விழுந்தால் மட்டுமே ராவலாம், ஏனென்றால் முன் சைட் குட்டையானால் குண்டு மேலே போகும். கணக்கு எளிது: இரு சைட்டுக்கும் இடையே 150 மி.மீ., 10 மீட்டரில் 40 மி.மீ. கீழே என்றால், 150 × 40 ÷ 10,000 = 0.6 மி.மீ. அதில் பாதியை மட்டும் ராவி, மீண்டும் சுட்டுப் பாருங்கள். ராவியதைத் திரும்ப ஒட்டமுடியாது.

குண்டு ஈயம், பெரும்பாலான .22 தோட்டாக்களில் பற்றுமருந்திலும் ஈயச் சேர்மம். சுட்ட பிறகும், துடைத்த பிறகும், குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதுவரை சாப்பாடும் கைப்பேசியும் வேண்டாம். துடைத்த துணி குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது.

வைத்திருப்பது, விடைகொடுப்பது

தோல் உறையிலேயே மாதக்கணக்கில் போட்டு வைப்பது பரவலான தவறு. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட அமிலமும் அதில் மிச்சமிருக்கும். குழலிலும் சிலிண்டரிலும் துரு, சட்டத்தில் வெள்ளைப் பொடி. நுரைப்பஞ்சுப் பெட்டியும் இப்படித்தான். சிலிகோன் தடவிய துணி உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் உள்ள பூட்டிய பெட்டியில், தோட்டாவைத் தனியே பூட்டி வைக்கவேண்டும்.

ஆண்டுக்கொரு முறை சட்டத்தை ஆல்கஹாலில் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து, பூதக்கண்ணாடியால் மூன்று இடங்களைப் பாருங்கள்: குழல் திருகியிருக்கும் இடம், சிலிண்டர் பின் நுழையும் துளை, சிலிண்டருக்கு மேலே போகும் பட்டையின் இரு மூலைகள். மயிரிழைக் கோடு தெரிந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். பெயின்ட் கீறலா விரிசலா என்று புரியும். விரிசலென்றால் வெல்டிங்கும் எபாக்ஸியும் உதவாது. அந்தச் சட்டம் இனி ஒரு தோட்டாவும் சுடக்கூடாது. தயாரிப்பாளரிடம் கேளுங்கள், அல்லது சிலிண்டர், கிரிப், ஸ்பிரிங்குகளைக் கழற்றி எடுத்துவிட்டுச் சட்டத்தை உங்கள் பகுதி அரசு விதிப்படி ஒப்படைத்துவிடுங்கள். விவரம் சொல்லாமல் அதை இன்னொருவருக்கு விற்கவே கூடாது.