நிக் டிரேக்கின் கிட்டார் சுருதி: சேர்ப்பதும் வாசிப்பதும்

இங்கிலாந்துப் பாடகரும் கிட்டார் கலைஞருமான நிக் டிரேக்கின் பாடல்களை வழக்கமான இ-ஏ-டி-ஜி-பி-இ (தடித்த 6ஆம் தந்தியிலிருந்து மெல்லிய 1ஆம் தந்தி வரை) சுருதியில் வாசிக்க முயல்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் திணறுகிறார்கள். இடக்கை விரல்கள் எட்டாது. எப்படியோ எட்டிப் பிடித்தாலும் அந்த ரீங்காரம் வராது. முதலில் திருத்த வேண்டியது சுருதியை.

1948இல் ரங்கூனில் பிறந்து, இங்கிலாந்தின் வார்விக்ஷயரில் டான்வொர்த்-இன்-ஆர்டன் கிராமத்தில் வளர்ந்து, 1974 நவம்பரில் 26 வயதில் மறைந்தவர் டிரேக். உயிரோடு இருந்தபோது வெளியானவை மூன்றே ஆல்பங்கள். வளர்ந்த பிறகு அவர் கிட்டார் வாசிப்பதைக் காட்டும் படச்சுருள் எதுவும் இல்லை. அதனால் இன்று புழங்கும் சுருதிகள் பெரும்பாலும் ரசிகர்கள் காதால் கேட்டுக் கேட்டுப் பிடித்தவை. தந்திகளை மாற்றிச் சேர்ப்பது இங்கிலாந்து நாட்டுப்புறக் கிட்டாரில் அவருக்கு முன்பே இருந்த வழக்கம்தான். டேவி கிரஹாம் டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதியைப் பரப்பினார். மார்ட்டின் கார்த்தி சி-ஜி-சி-டி-ஜி-ஏ என்று தனக்கென ஒன்றை வைத்துக்கொண்டார். டிரேக்கிடம் முதலில் கற்க வேண்டியது சி-ஜி-சி-எஃப்-சி-இ. 1972இல் வந்த ‘பிங்க் மூன்’ ஆல்பத்தின் தலைப்புப் பாடல், இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அமுக்கும் கவ்வி) போட்டு, இந்தச் சுருதியில் அமைந்தது.

தடித்த தந்தியிலிருந்து தொடங்குங்கள். 6ஆம் தந்தியை இ-யிலிருந்து சி-க்கு, அதாவது 4 அரைச்சுரம் (ஒரு ஃப்ரெட் தொலைவு ஓர் அரைச்சுரம்) இறக்குங்கள். 5, 4, 3 ஆகிய மூன்றையும் 2 அரைச்சுரம் இறக்கினால் முறையே ஜி, சி, எஃப் கிடைக்கும். 2ஆம் தந்தியை மட்டும் பி-யிலிருந்து சி-க்கு ஓர் அரைச்சுரம் ஏற்ற வேண்டும். 1ஆம் தந்தி இ-யிலேயே இருக்கும். ட்யூனர் கையில் இல்லையென்றால் இப்படிச் சரிபார்க்கலாம்: 6ஆம் தந்தியின் 7ஆம் ஃப்ரெட், 5ஆம் தந்தியைத் திறந்து மீட்டும் ஒலியோடு ஒத்துப்போக வேண்டும். 5ஆம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட் 4ஆம் தந்தியோடும், 4ஆம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட் 3ஆம் தந்தியோடும், 3ஆம் தந்தியின் 7ஆம் ஃப்ரெட் 2ஆம் தந்தியோடும், 2ஆம் தந்தியின் 4ஆம் ஃப்ரெட் 1ஆம் தந்தியோடும் சேர வேண்டும்.

ஒரு சுற்றோடு நிறுத்திவிடாதீர்கள். நான்கு தந்திகள் தளர்ந்ததும் கழுத்தின் மீதிருந்த இழுவிசை குறைகிறது. தொடாத 1ஆம் தந்தியின் சுருதிகூட லேசாக ஏறிவிடும். இரண்டாம் சுற்று கட்டாயம். எந்தத் தந்தியானாலும் வேண்டிய சுரத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி, அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முறுக்காணியின் பற்களில் இடைவெளி தங்கி, வாசிக்கும்போது தந்தி நழுவும்.

தந்தியின் தடிமனில் கஞ்சம் பிடிக்க வேண்டாம். 4 அரைச்சுரம் இறக்கினால் தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 37 சதவீதம் போய்விடும். 12-53 செட்டில் (1ஆம் தந்தி 0.012 அங்குலம், 6ஆம் தந்தி 0.053 அங்குலம்) 6ஆம் தந்தி தொளதொளவென்று ஆடி ஃப்ரெட்டில் அடிக்கும். 13-56 செட் போடுங்கள். அல்லது 12 செட்டிலேயே 6ஆம் தந்தியை மட்டும் 56 ஆக மாற்றுங்கள். 2ஆம் தந்தியின் இழுவிசையோ 12 சதவீதம் கூடுகிறது. பழைய தந்தி அறுவது பெரும்பாலும் இங்கேதான், ஆகவே புதிதாகப் போட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. தடித்த தந்தி போட்ட பிறகும் முதல் சில ஃப்ரெட்டுகளில் ‘ஸ்ர்ர்’ என்று இரைந்தால், கழுத்து பின்னுக்கு நிமிர்ந்திருக்கிறது. கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

இனி கோர்டுகள். எல்லாத் தந்திகளையும் திறந்து மீட்டினால் நடுவில் எஃப் இருப்பதால் ஓசை எங்கோ போக ஏங்குவதுபோல இருக்கும். 3ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டில் ஒரே ஒரு விரல் வைத்தால் முழு சி மேஜர். அந்த விரலை எடுத்து வைப்பதே பாதி அழகு. எஃப்-க்கு 5ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட், 1ஆம் தந்தியின் 1ஆம் ஃப்ரெட், மற்றவை திறந்தபடி. ஏ மைனருக்கு 5ஆம் தந்தியின் 2ஆம் ஃப்ரெட், 3ஆம் தந்தியின் 4ஆம் ஃப்ரெட். ஜி-க்கு 4, 3, 2ஆம் தந்திகளின் 2ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து, 1ஆம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டில் இன்னொரு விரல் வையுங்கள். ஜி-யில் 6ஆம் தந்தியைத் தொடாதீர்கள். அடியிலிருக்கும் சி கோர்டையே குலைத்துவிடும்.

வலக்கையில் கட்டைவிரலுக்கு 6, 5, 4. ஆள்காட்டிக்கு 3, நடுவிரலுக்கு 2, மோதிரவிரலுக்கு 1. சி கோர்டில் எட்டு அடி இப்படிப் போகட்டும்: 6, 3, 4, 2, 5, 3, 4, 1. மற்ற கோர்டுகளில் முதல் 6-க்குப் பதில் 5. மெட்ரோனோமை 60இல் வைத்து, இரண்டு நிமிடம் தடுமாறாமல் வந்த பிறகே 4 புள்ளி ஏற்றுங்கள். அவசரப்பட்டால் முதலில் தடுமாறுவது கட்டைவிரல். அது தடுமாறினால் பாட்டே சரியும். பாடும் வரிகள் பல இடங்களில் முதல் அடியில் தொடங்காமல் கிட்டாருக்குக் குறுக்கே ஓடும். எனவே கை தானாக ஓடும் வரை வாய் திறக்க வேண்டாம். ‘பிங்க் மூன்’ ஆல்பம் 1971 அக்டோபரில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்க, இரண்டே இரவு அமர்வுகளில் பதிவானது. குரலும் கிட்டாரும் தவிர அதில் சேர்ந்தது தலைப்புப் பாடலில் வரும் சிறு பியானோ மட்டுமே. அந்தக் கட்டைவிரல் எவ்வளவு உறுதியாக நின்றது என்பதைத் தனியாகக் கவனித்துக் கேளுங்கள்.

1969இல் வந்த முதல் ஆல்பத்தின் ‘ரிவர் மேன்’ இதற்கு விலக்கு. வழக்கமான சுருதியில், ஐந்து அடித் தாளத்தில் வருகிறது. முதலில் ஐந்தையும் சமமாக எண்ணிப் பழகுங்கள்.

கேப்போவை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் பின்னால் போடுங்கள். தளர்ந்த தந்திகளை அது அமுக்கிச் சுருதியை ஏற்றிவிடும் என்பதால், போட்ட பிறகு மறுபடி சேருங்கள். மேடையில் பாடப்போகிறவர்கள் ஒரே சுருதியிலுள்ள பாடல்களை அடுத்தடுத்து வையுங்கள். பாட்டுக்குப் பாட்டு நெடுநேரம் தந்தி திருகிக்கொண்டு நின்றதாலும் டிரேக்கின் நிகழ்ச்சிகளில் கூட்டம் பொறுமையிழந்தது. வழக்கமான சுருதிக்குத் திரும்பும்போது முதலில் 2ஆம் தந்தியை இறக்கிவிட்டு, பிறகு மற்றவற்றை ஏற்றுங்கள்.