மாட்டைக் கொல்லாமல் தோல்: மைன்கிராஃப்டில் விழும் பொருள்களை மாற்றும் முறை

என் தம்பி தரம் 8இல் படிக்கிறான். பொகவந்தலாவைப் பக்கம், எங்கள் லயத்தின் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளின்) பின்னால் ஒரு சிறிய தொழுவம் இருக்கிறது. அங்கே நிற்கும் செவலைக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டுத்தான் அவன் பள்ளிக்கூடம் போவான். அப்படிப்பட்டவன் மைன்கிராஃப்டில் மாட்டை வெட்டமாட்டேன் என்று சொன்னபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. ஆனால் அந்த விளையாட்டில் தோல் இல்லாமல் புத்தகம் இல்லை. ஒரு புத்தகத்துக்கு 3 கடதாசியும் 1 தோலும் வேண்டும். ஒரு புத்தக அலுமாரிக்கு 3 புத்தகங்கள். மந்திரம் ஏற்றும் மேசை முழு வலிமை பெற அதைச் சுற்றி 15 அலுமாரிகள். ஆக 45 தோல். ஒரு மாட்டைக் கொன்றால் 0 முதல் 2 வரை தோல் விழும், சராசரி ஒன்று. 45 மாடுகளைக் கொன்றுவிட்டு வாசிப்பறை கட்ட அவனுக்கு மனமில்லை.

"அக்கா, வேறு எதிலிருந்தாவது தோல் விழச் செய்ய முடியாதா?" என்று கேட்டான். முடியும். நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை, விளையாட்டை மாற்ற மற்றவர்கள் எழுதிய மோட் எதையும் தரவிறக்கவும் வேண்டாம். எழுத்துக்கோப்பு ஒன்றைத் திறந்து திருத்தத் தெரிந்தால் போதும். அதை எப்படிச் செய்தேன் என்று இங்கே எழுதுகிறேன். கணினியில் ஓடும் ஜாவா பதிப்புக்கு மட்டுமே இது பொருந்தும். நான் பயன்படுத்துவது 2024 ஜூன் மாதம் வெளிவந்த 1.21.

ஒவ்வோர் உயிரினம் இறக்கும்போதும் என்ன விழவேண்டும் என்பது அதனதன் பெயரில் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. இதை லூட் டேபிள் என்பார்கள். 2016இல் வந்த 1.9 பதிப்பிலிருந்து இந்த முறை இருக்கிறது. 2018இல் 1.13 வந்தபோது டேட்டா பேக் என்ற வசதியும் சேர்ந்தது. விளையாட்டின் மூலக்கோப்பைத் தொடாமல், நம் உலகத்துக்குள் மட்டும் அதே பெயரில் இன்னொரு கோப்பை வைத்தால் நம்முடையதே செல்லும்.

அந்தக் கோப்பைத் திறந்தால் அடைப்புக்குறிகள் நிறைந்து அச்சமூட்டும். எனக்கு அது புரிந்தது அம்மா பிடிக்கும் சீட்டை வைத்துத்தான். மாதத்தில் ஒரு நாள் எங்கள் லயத்துப் பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் வாசலில் உட்கார்ந்து, பெயர் எழுதிய துண்டுகளைப் பால்மா டின்னில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். லூட் டேபிளும் அதே குலுக்கல்தான். கோப்பில் பூல் என்று இருப்பது ஒரு டின். ஓர் உயிரினத்துக்குப் பல டின்கள் இருக்கலாம்; ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குலுக்கப்படும். ரோல்ஸ் என்பது அந்த டின்னுக்குள் எத்தனை முறை கை விடுவது என்ற எண். என்ட்ரி என்பது துண்டில் எழுதிய பெயர், அதாவது பொருள். வெயிட் என்பது அந்தப் பெயரில் எத்தனை துண்டுகள் கிடக்கின்றன என்பது. எண் எதுவும் எழுதாவிட்டால் ஒன்று. கண்டிஷன் என்பது டின்னைத் திறக்கலாமா என்ற அனுமதி. ஃபங்ஷன் என்பது துண்டு வந்த பிறகு செய்யவேண்டியது: எத்தனை தரலாம், தீயில் இறந்திருந்தால் சுட்டுத் தரலாமா என்பன போல.

ஒரே ஒரு வேறுபாடு உண்டு, அது முக்கியமானது. அம்மாவின் சீட்டில் ஒரு முறை பெயர் விழுந்தவருக்கு மறுமாதம் துண்டு இருக்காது. விளையாட்டில் எடுத்த துண்டு உடனே திரும்பவும் டின்னுக்குள் போய்விடும். ஆகவே ஸோம்பி என்ற நடைபிணங்களை வெட்டுபவன் "பத்து ஸோம்பி கொன்றுவிட்டேன், அடுத்ததில் கட்டாயம் விழும்" என்பதற்கு இடமே இல்லை. தம்பிக்கு இதைப் புரியவைக்கத்தான் அதிக நேரம் எடுத்தது.

இனி வேலைக்கு வருவோம். மாட்டுக்குப் பதிலாக நாங்கள் தேர்ந்தெடுத்தது ஸோம்பி. இரவில் தானாக வரும், யாருக்கும் அதன்மேல் பரிவு இல்லை. கோப்பை வெறுந்தாளிலிருந்து எழுதாதீர்கள். விளையாட்டின் சொந்தக் கோப்பை நகலெடுத்துத் திருத்துங்கள். எழுத்துக்கூட்டல் பிழை பாதி அதிலேயே போய்விடும். விளையாட்டைத் தொடங்கி வைக்கும் லாஞ்சரில் இன்ஸ்டலேஷன்ஸ் பகுதியில் கோப்புறைச் சின்னத்தை அழுத்தினால் விளையாட்டின் கோப்புறை திறக்கும். அதில் வெர்ஷன்ஸ், அதற்குள் 1.21, அதற்குள் அதே பெயரில் ஒரு ஜார் கோப்பு. அதை வேறிடத்தில் நகலெடுத்து, செவன் ஸிப் போன்ற மென்பொருளால் திறவுங்கள். டேட்டா, மைன்கிராஃப்ட், லூட் டேபிள், என்டிட்டீஸ் என்று வரிசையாக உள்ளே போனால் எல்லா உயிரினங்களும் பெயரோடு நிற்கும். ஸோம்பியின் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு விளையாட்டில் உங்கள் உலகத்தைத் தேர்ந்து, எடிட் பொத்தானை அழுத்தி, உலகத்தின் கோப்புறையைத் திறவுங்கள். உள்ளே டேட்டாபேக்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் உங்களுக்குப் பிடித்த பெயரில் ஒரு கோப்புறை உருவாக்குங்கள். ஜாரில் கண்ட அதே பாதையை, டேட்டாவில் தொடங்கி என்டிட்டீஸ் வரை, அதற்குள் அமைத்து ஸோம்பி கோப்பை வையுங்கள். இரண்டாவது படியின் பெயர் மைன்கிராஃப்ட் என்றே இருக்கவேண்டும். அங்கே உங்கள் பெயரைப் போட்டால் விளையாட்டு அதைப் புதிய கோப்பாக எண்ணி ஒதுக்கிவிடும்.

டேட்டா கோப்புறைக்குப் பக்கத்திலேயே, அதற்குள் அல்ல, இன்னொரு சிறு கோப்பு வேண்டும். அதன் பெயர் பேக், பிறகு ஒரு புள்ளி, பிறகு எம், சி, எம், இ, டி, ஏ என்ற 6 ஆங்கில எழுத்துகள். உள்ளே பேக் என்ற ஒரே பகுதி. அதில் பேக் ஃபார்மேட் (இரண்டு சொற்களையும் அடிக்கோட்டால் இணைக்கவேண்டும்) என்ற எண்ணும், டிஸ்கிரிப்ஷன் என்ற ஒரு வரி விளக்கமும். 1.21க்கு அந்த எண் 48. எண் நினைவில்லை என்றால் அதே ஜாரின் மேல்மட்டத்தில் உள்ள வெர்ஷன் என்ற ஜேசன் கோப்பைப் பாருங்கள். டேட்டா என்பதற்கு நேரே இருக்கும்.

ஸோம்பி கோப்பில் இரண்டு டின்கள் இருக்கின்றன. முதலாவதில் அழுகிய இறைச்சி, 0 முதல் 2 வரை. இரண்டாவது அரிய பொருள்களுக்கானது: இரும்புக் கட்டி, கரட், உருளைக்கிழங்கு. விளையாடுபவர் கையால் இறந்திருந்தால் மட்டும், அதுவும் நூற்றுக்கு 2.5 தடவை மட்டும் அது திறக்கும். திறந்தால் மூன்றில் ஒன்று வரும்.

நான் முதலில் தோலை இந்த இரண்டாவது டின்னில்தான் போட்டேன். வெயிட் என்பதைச் சதவீதம் என்று நினைத்து 97 என்று எழுதினேன். தம்பியும் பக்கத்து லயத்துப் பையன்கள் இருவரும் ஓர் இரவு முழுக்க வெட்டி ஒரே ஒரு தோல்தான் எடுத்தார்கள். காரணம் இதுதான்: டின்னுக்குள் 97 துண்டு போட்டாலும் டின் திறப்பது அதே 2.5 தடவைதான். அதோடு இரும்பு, கரட், உருளைக்கிழங்கு மூன்றின் மூன்று துண்டுகளும் அந்த 97க்குள் புதைந்துவிட்டன. முதல் கரட்டையும் உருளைக்கிழங்கையும் ஸோம்பியிடமிருந்தே எதிர்பார்த்திருந்த பையன்களின் தோட்டமும் நின்றுபோனது. வெயிட் ஒரே டின்னுக்குள் பங்கு பிரிக்க மட்டும்தான். எவ்வளவு அடிக்கடி விழவேண்டும் என்பதை முடிவு செய்வது கண்டிஷன்.

ஆகவே புதுப்பொருளுக்குத் தனி டின் கொடுங்கள். இரண்டாவது பூலை அதன் திறப்பு அடைப்பு முதல் மூடும் அடைப்பு வரை அப்படியே நகலெடுத்து, ஒரு காற்புள்ளி போட்டு அடுத்ததாக ஒட்டுங்கள். அதிலுள்ள மூன்று என்ட்ரிகளில் இரண்டை அழித்து, மிஞ்சியதில் பொருளின் பெயரைத் தோல் என்று மாற்றுங்கள். விளையாட்டில் எஃப்3, எச் இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டுப் பொருளின்மேல் சுட்டியை வைத்தால் அதன் சரியான பெயர் தெரியும். உருளைக்கிழங்கு என்ட்ரியை வைத்துக்கொள்ளாதீர்கள். சுட்டுத் தரும் ஃபங்ஷன் ஒன்று அதோடு ஒட்டியிருக்கிறது.

அடுத்தது எண். இங்கேதான் நிதானம் வேண்டும். தனி டின் வைத்த மகிழ்ச்சியில் ஒவ்வொரு ஸோம்பிக்கும் 1 முதல் 3 தோல் என்று வைத்தேன். இரண்டு இரவில் 15 அலுமாரியும் எழுந்துவிட்டன. மூன்றாம் நாள் பையன்கள் அந்த உலகத்தைத் திறக்கவே இல்லை. ஒரு பொருளுக்கு எவ்வளவு உழைப்பு தகும் என்று முதலில் முடிவுசெய்துவிட்டுப் பிறகு எண்ணுக்குப் போங்கள். நான் தாளில் கணக்குப் போட்டேன். 45 தோலுக்கு மூன்று பேர் சேர்ந்து ஏறத்தாழ 225 ஸோம்பிகளைக் கொல்லட்டும், ஒருவருக்கு 75. 45ஐ 225ஆல் வகுத்தால் 0.2. கோப்பில் 0.025 என்று இருந்த இடத்தில் 0.2 எழுதினேன்.

அதன் பக்கத்திலேயே லூட்டிங் மந்திரம் ஏற்றிய வாளுக்கான எண்கள் இருக்கின்றன. பேஸ் என்பது முதல் நிலைக்கான வாய்ப்பு, அடுத்த வரி ஒவ்வொரு நிலைக்கும் கூடுவது. 0.25, 0.05 என்று வைத்தேன். மூன்றாம் நிலை வாளில் 0.35 ஆகும், அப்போது 225 வேண்டிய இடத்தில் சுமார் 129 போதும். வாளைத் தேடிச் சம்பாதித்தவனுக்கு அந்தப் பலன் கிடைக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

விளையாடுபவர் கொன்றிருக்கவேண்டும் என்ற கண்டிஷனை எடுத்துவிடாதீர்கள். அது இல்லையென்றால் விடியலில் வெயில் பட்டு எரிந்து சாகும் ஸோம்பிகளும் தோலைக் கொட்டிவிட்டுப் போகும். பையன்கள் வீட்டுக்குள் இருந்து காலையில் பொறுக்கிக்கொள்வார்கள்.

எங்கள் உலகத்தில் வீடு மலைமேல் இருக்கிறது. அதனால் லொகேஷன் செக் என்ற கண்டிஷனையும் சேர்த்தேன். உயிரினம் இறந்த இடத்தின் உயரம் 100க்கு மேல் இருந்தால்தான் தோல். கடல் மட்டம் அங்கே 63. அடிவாரத்தில் கொன்றால் பயனில்லை, மேலே ஏறவேண்டும். மழைக்கும் வெதர் செக் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்து மழையை நினைத்து ஆசையோடு அதைச் சேர்த்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். உலகத்தில் எங்காவது மழைக்காலம் நடந்தால் அது பாலைவனத்திலும் ஆம் என்றே சொல்கிறது.

கோப்பைச் சேமித்துவிட்டு விளையாட்டுக்குள் சாய்கோடு போட்டு ரீலோட் என்று கட்டளை கொடுங்கள். ஏமாற்றுக் கட்டளைகளுக்கு அனுமதி இருக்கவேண்டும். பிறகு கிரியேட்டிவ் முறையில் குழி தோண்டி, ஸோம்பியை வரவழைக்கும் முட்டையால் 50 ஸோம்பி இறக்கி, வாளால் வெட்டி எண்ணுங்கள். குழியும் 100க்கு மேல் இருக்கட்டும். எனக்கு முதல் முறை 7, அடுத்த முறை 12. பத்துக்கு அக்கம்பக்கம் என்றால் சரி. ஐந்தே ஐந்து கொன்றுவிட்டு எண்ணை மாற்றாதீர்கள்.

ஸோம்பியிடமிருந்து எதுவுமே விழவில்லை, அழுகிய இறைச்சிகூட இல்லை என்றால் கோப்பில் எழுத்துப்பிழை இருக்கிறது. பெரும்பாலும் காற்புள்ளி ஒன்று கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். லாக்ஸ் கோப்புறையில் லேட்டஸ்ட் என்ற கோப்பைத் திறந்து ஸோம்பி என்று தேடினால் பிழையான இடம் தெரியும். பழையபடியே விழுகிறது, தோல் மட்டும் இல்லை என்றால் உங்கள் கோப்பை விளையாட்டு பார்க்கவே இல்லை. நோட்பேட் கோப்பின் பெயருக்குப் பின்னால் இன்னொரு வாலை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லூட் டேபிள் என்ற கோப்புறை 1.21இல் ஒருமை, அதற்கு முன் பன்மை. பழைய வழிகாட்டியைப் பார்த்துச் செய்தவர்கள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஸோம்பியை மாற்றும் வேறொரு டேட்டா பேக் ஏற்கெனவே இருந்தாலும் சிக்கல்தான். இரண்டும் கலக்காது, ஒன்று மற்றதை முழுவதும் மறைத்துவிடும்.

சில விடயங்கள் இந்தக் கோப்புக்குக் கட்டுப்படாது. ஸோம்பி அணிந்துவரும் கவசம் விழுவது வேறு கணக்கு. வாளியால் பால் கறப்பதும் இதில் இல்லை. ஆகவே மாட்டின் கோப்பில் எதை மாற்றினாலும் பால் நிற்காது. கன்றுக்குட்டி முன்பும் எதையும் தராது, இனியும் தராது.

மாட்டின் கோப்பிலுள்ள டின்களை எல்லாம் எடுத்துவிடலாமா, கொன்றால் எதுவும் விழாதபடி, என்று தம்பி கேட்டான். அதுவும் எளிதுதான். ஆனால் மற்ற இருவரும் இறைச்சிக்கு மாட்டை நம்பியிருக்கிறார்கள். மூவரும் பேசிய பிறகு மாட்டைத் தொடாமல் விட்டோம். தம்பி தன் மாடுகளைத் தனியாக வேலி போட்டு வைத்துக்கொண்டான்.

பக்கத்து லயத்துப் பையன் தன் வீட்டு உலகத்துக்கும் இது வேண்டும் என்று பென் டிரைவோடு வந்தான். ஸிப் ஆக்கிக் கொடுக்கும்போது வெளிக் கோப்புறையைத் தேர்ந்து ஸிப் செய்யாதீர்கள். அதைத் திறந்து, உள்ளே இருக்கும் டேட்டா கோப்புறையையும் அந்தச் சிறு கோப்பையும் சேர்த்துத் தேர்ந்து ஸிப் செய்யவேண்டும். அதை அவன் தன் உலகத்தின் டேட்டாபேக்ஸ் கோப்புறையில் போட்டால் போதும், பிரிக்க வேண்டியதில்லை. அவனுடைய வீடு கடலோரத்தில் இருக்கிறது என்றான். உயரக் கண்டிஷனை நீக்கிவிட்டுக் கொடுத்தேன்.