பொக்லைனை ஆற்றில் இறக்குவதற்கு முன்: ஆறு மீட்பில் செய்யக் கூடாதவை

ஆறு வறண்டதும் பொக்லைனை வரவழைத்து மணலைக் கிளறுவதுதான் பல மீட்புத் திட்டங்களின் தொடக்கம். முதல் தவறும் அதுதான். மழை விட்டு மாதக்கணக்கான பிறகும் ஆற்றில் ஓடுவது, சரிவுகளிலும் வயல்களிலும் மண்ணுக்குள் இறங்கி மெல்லக் கசிந்து வரும் நீர். அந்தக் கசிவு அற்றுப்போனால் ஆற்றுக்குள் என்ன செய்தும் பயனில்லை. வேலை முகட்டில் தொடங்கி, சரிவு, சிற்றோடை, ஓடை என்று இறங்கி, ஆற்றுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். மேலே மண் அரிப்பை நிறுத்தாமல் கீழே தடுப்பணை கட்டினால், சில மழைக்காலங்களிலேயே வண்டல் ஏறி அது மேடாகிவிடும்.

மழைநீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்கச் சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் வெட்டும் சமமட்டக் குழிகளுக்குக் கண்ணளவு போதாது. நீளக் குழி ஒரு முனையில் நாலு விரல் தாழ்ந்தாலும் நீர் முழுவதும் அங்கே சேர்ந்து, கரையை உடைத்து, இல்லாத ஓடையை உண்டாக்கிவிடும். ஏ வடிவச் சட்டமோ (தூக்குநூல் தொங்கும் மரச்சட்டம்) டியூப் லெவலோ (நீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாய்) வைத்து மட்டம் குறித்த பிறகே மண்வெட்டியை எடுங்கள். மட்டத்தில் சந்தேகம் இருந்தால் 3, 4 மீட்டர் துண்டுகளாக வெட்டி, மேல்வரிசையில் இடைவெளி விட்ட இடத்துக்கு நேர்க்கீழே அடுத்த வரிசைக் குழி வரும்படி அமைக்கலாம். தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம், விளிம்பிலிருந்து 20–30 செ.மீ. தள்ளிக் கொட்ட வேண்டும். ஒட்டிப் போட்டால் முதல் மழையிலேயே குழிக்குள் சரிந்துவிடும்.

எவ்வளவு வெட்டுவது? 1 ஹெக்டேரில் 1 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர். 50 மி.மீ. மழையில் பாதி வழிந்தோடும் சரிவு என்றால் 250 கன மீட்டர். அரை மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் உள்ள குழி, மீட்டருக்குக் கால் கன மீட்டர்தான் கொள்ளும். ஆக, ஹெக்டேருக்கு 1,000 மீட்டர் நீளம். 200 மீட்டர் வெட்டிவிட்டு மழை மீது பழி போடுவதில் அர்த்தமில்லை.

ஓடைகளில் கல் தடுப்பணையின் உச்சியைச் சுவர்போல ஒரே மட்டமாகக் கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. பார்க்க அழகுதான். ஆனால் வெள்ளம் ஓரத்தில் கரையை அறுத்துக்கொண்டு போய்விடும். அணை நடுவில் தனியே நிற்க, ஓடை பக்கத்தில் ஓடும். நடுப்பகுதி ஓரங்களைவிடச் சுமார் 30 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். இரு முனைகளும் கரைக்குள் அரை மீட்டராவது புதைய வேண்டும். நீர் விழும் இடத்தில் பெரிய கற்களைப் பதிக்காவிட்டால் அடி அரித்து அணை சாயும். இடைவெளிக்கு ஒரு விதி உண்டு: கீழ் அணையின் உச்சியும் மேல் அணையின் அடியும் ஒரே மட்டம். 100 மீட்டருக்கு 2 மீட்டர் இறங்கும் ஓடையில் 1 மீட்டர் உயர அணைகள் 50 மீட்டருக்கு ஒன்று வரும். தள்ளித் தள்ளிக் கட்டினால் நடுவில் ஓடைத்தரை அரிக்கும்.

ஆற்றை நேராக்குவதும் ஆழப்படுத்துவதும் இன்னும் விலை கூடிய தவறு. வளைவு போனால் ஓட்டம் வேகமெடுக்கும். தரை ஆழமானால் இரு கரை நிலத்தடி நீரும் ஆற்றுக்குள் வடிந்து சீக்கிரம் தீர்ந்துபோகும். தரை அரிப்பு மேல்நோக்கி நகர்ந்து துணை ஓடைகளையும் குடையும். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 166 கி.மீ. வளைந்து ஓடிய கிசிமி ஆற்றை 1962 முதல் 1971 வரை வெட்டி 90 கி.மீ. கால்வாயாக்கினார்கள். சதுப்பு நிலங்கள் வறண்டன, நீர்ப்பறவைகள் குறைந்தன. பிறகு 1999இல் அதே கால்வாயின் ஒரு பகுதியை மண் போட்டு மூடத் தொடங்கினார்கள்; வேலை முடிய 2021 ஆயிற்று. தூர்வாருவதென்றால் மேலே படிந்த வண்டலோடு நிறுத்துங்கள். மணல் குப்பையல்ல, நீர் தங்கும் இடம்.

கன்று நட்டுக் கணக்குக் காட்டுவது எளிது. சரிவை முதலில் பிடிப்பது புல். வெட்டிவேரை மட்டக்கோட்டில் 10–15 செ.மீ.க்கு ஒன்றாக நெருக்கி நட்டால்தான் வேலியாகும். மேய்ச்சல் தொடர்ந்தால் புல்லும் நிற்காது. காவல் போட்டு மட்டும் அதைத் தடுக்க முடியாது. சண்டிகரின் சுக்னா ஏரியை வண்டல் நிரப்பியபோது, 1970களில் மேலேயுள்ள சுகோமாஜ்ரி கிராமத்தில் சிறு அணை கட்டி, நிலமில்லாத வீடுகளுக்கும் நீரில் பங்கு தந்தார்கள். அதன் பிறகு ஊராரே கால்நடைகளைச் சரிவில் ஏற்றுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கிணற்றில் மட்டம் ஏறியதும் புது ஆழ்துளைக் கிணறுகளும் தண்ணீர் அதிகம் கேட்கும் பயிர்களும் வந்தால், சேர்ந்ததெல்லாம் ஆற்றுக்குப் போய்ச் சேராது. பயிர்த் திட்டத்தை அணை கட்டும் முன்பே பேசி முடிக்க வேண்டும்.

கட்டிய அணைகளை எண்ணுவது அளவீடாகாது. வேலை தொடங்குவதற்கு ஓராண்டு முன்பிருந்தே அளக்க வேண்டியது இரண்டு: மழைக்கு முன்னும் பின்னும் கிணற்று மட்டம், கோடையில் ஓடையின் ஓட்டம். 90 பாகை வி வடிவ வெட்டுள்ள பலகையை ஓடைக்குக் குறுக்கே நிறுத்துங்கள். வெட்டின் முனைக்கு மேல் நீர் 10 செ.மீ. நின்றால் ஓட்டம் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர், நாளுக்கு 3.8 லட்சம் லிட்டர். உயரத்தைப் பலகையை ஒட்டி எடுக்காதீர்கள். அங்கே நீர் சரிந்து இறங்குவதால் அளவு குறைத்துக் காட்டும். மேற்பக்கம் சற்றுத் தள்ளி அளந்து, அந்த ஆண்டின் மழையளவையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.