காலாங் ஆற்றுச் சிற்றுயிர்களுக்கு டிஎன்ஏ பார்கோடு: எங்கே தவறுகிறோம்?

சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில், கான்கிரீட் கால்வாயாக இருந்து 2012ல் மறுபடி மண்கரை கண்ட காலாங் ஆற்றில் வலை போட்டு அலசினால் இறால், நத்தை, தட்டானின் இளம்புழு, செக்கச்செவேலென்று இருக்கும் ஈப்புழு எல்லாம் ஒரே தட்டில் வந்து விழும். அந்த ஈப்புழு என்ன இனம் என்று கண்ணால் சொல்வது பெரும்பாடு. அதனால்தான் உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே, மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சிஓஐ என்ற மரபணுவில் 658 டிஎன்ஏ எழுத்துள்ள துண்டைப் படித்து, தெரிந்த இனங்களின் தரவுத்தளத்தோடு கணினியில் ஒப்பிடுகிறோம். இனத்துக்கு இனம் மாறும் அந்தத் துண்டுதான் டிஎன்ஏ பார்கோடு.

முதலில், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. அப்புறம் புட்டி. ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். 95 சதவீத எத்தனால்தான் சரி. அதிலும் ஒரு கவனம் வேண்டும். கண்ணாடி போன்ற இறால் எத்தனாலில் விழுந்ததும் பால் வெள்ளையாகும். அதன் உடலிலுள்ள நீர் எத்தனாலை நீர்க்கச் செய்யும். மறுநாளே மாற்றி ஊற்றுங்கள். இடமும் தேதியும் எழுதிய சீட்டைப் புட்டிக்குள்ளேயே போடுங்கள், பென்சிலால். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

எனக்கு மனம் பொறுக்காத தவறு, உயிரியை முழுசாக அரைத்துவிடுவது. இறாலுக்கு ஒரு கால், நத்தைக்கு ஒரு துளி சதை போதும், மிச்சத்தைப் பத்திரப்படுத்துங்கள். உள்ளூர் ஆப்பிள் நத்தையான பைலாவும் வெளியிலிருந்து வந்த பொமேசியாவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஓட்டின் வாயை அடைக்கும் மூடியைத் தொட்டுப் பாருங்கள்: பைலாவுக்குச் சுண்ணாம்பு போலக் கெட்டி, பொமேசியாவுக்கு நகம் போல வளையும். கணினி சொன்ன பெயரில் சந்தேகம் வந்தால் அந்த மூடிதான் சாட்சி.

டிஎன்ஏ எழுத்து வரிசை கைக்கு வந்ததும் அதைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். புரதம் இங்கே முடிகிறது என்னும் நிறுத்தக் குறி நடுவே வந்தால், அது அசல் சிஓஐ அல்ல, உட்கருவுக்குள் ஒட்டிக்கொண்ட போலிப் பிரதியாக இருக்கலாம். இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகளில் இந்தத் தொல்லை அதிகம்.

தரவுத்தளத்தில் முதலில் வரும் பெயரை அப்படியே எழுதிக்கொள்வதும் வேண்டாம். பொருத்தம் 88 சதவீதம்தான் என்றால் அந்த இனத்தின் பார்கோடு இன்னும் அங்கே ஏறவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். குடும்பப் பெயரோடு நிறுத்தி, புட்டி எண்ணைப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.