ஹாங்காங் போற நம்மூர்ப் பசங்களுக்கு: சிட்டிபஸ் ஏறது எப்படின்னு

நோம்பிக்கு அவிநாசி வந்திருக்கேனுங்க. எதுத்த ஊட்டு அக்கா பையனுக்கு ஹாங்காங்ல ஒரு பையிங் ஆபீஸ்ல வேலை கெடைச்சிருக்கு, அடுத்த வாரம் ப்ளைட்டு. நேத்து சாயங்காலம் திண்ணையில வந்து உக்காந்தவன், "ஏனுங்ணா, அங்க எல்லாம் சீனத்துல எழுதியிருக்குமாமா, பஸ்ஸு எப்படிங்ணா ஏறது"ன்னு கேக்கறான். திருப்பூர்ல ஆறு வருசம் மெர்ச்சண்டைசரா இருந்து நூலு, டையிங், பிரிண்டிங், செக்கிங்னு எல்லாத்தையும் மேய்ச்சு ஷிப்மென்ட் அனுப்புனவன் பஸ்ஸுக்குப் பயப்படறான். சிரிச்சேன், ஆனா நானும் போன புதுசுல அப்படித்தானுங்க இருந்தேன். அங்க ஓடற சிட்டிபஸ்ங்கற கம்பெனி பஸ்ஸைப் பத்தி அவனுக்குச் சொன்னதை அப்படியே இங்க எழுதி வச்சர்றேன், நம்ம பக்கத்துல இருந்து இன்னும் நாலு பேரு போவீங்கல்ல.

சீனம் படிக்கவே வேண்டாம். இங்கிலீசும் கூடவே போட்டிருக்கும், அதுகூட அவ்வளவா தேவைப்படாது, நம்பரைப் படிக்கத் தெரிஞ்சாப் போதும். நம்மூர்ல நம்பரை யாருங்க பாக்கறாங்க, "காந்திபுரம் போகுங்களா"ன்னு கண்டக்டரைக் கேட்டு ஏறிக்குவோம். அங்க கண்டக்டரே கெடையாது, டிரைவர் மட்டும்தான், அவரும் பேச மாட்டாரு. ஆனா அந்த நம்பருக்குள்ளயே பாதி விசயம் இருக்குது. முன்னால ஏ (A)-ன்னு எழுத்து இருந்தா ஏர்போர்ட் பஸ்ஸு. இ (E)-ன்னு இருந்தாலும் ஏர்போர்ட் பக்கம்தான், ஆனா ஊரெல்லாம் சுத்திட்டுப் போகும், காசு கம்மி. என் (N)-ன்னு இருந்தா ராத்திரி ஓடறது. பின்னால எக்ஸ் இருந்தா நெறைய ஸ்டாப்பு விட்டுட்டு வேகமாப் போறது. அப்புறம் இந்த மூணு இலக்க நம்பருங்க இருக்குதே, அதுல 1, 6, 9ல ஆரம்பிக்கறது பெரும்பாலும் கடலுக்கு அடியில டனல் வழியா அந்தக் கரைக்குப் போற பஸ்ஸு. 1ன்னா நடு டனலு, 1972ல தொறந்தது, 6ன்னா கிழக்கு, 9ன்னா மேற்கு. ஹாங்காங் தீவு ஒரு கரை, கவுலூன் எதுத்த கரை, இதை மனசுல போட்டுக்கிட்டா ஊரு பாதி பிடிபட்டுரும்.

இப்ப டிக்கெட்டு. இதுலதான் எல்லாரும் ஏமாறுவீங்க, அதனால சித்த நிதானமாப் படிங்க. நம்மூர்ல எங்க ஏறி எங்க எறங்கறோம்னு பாத்துக் காசு. அங்க எறங்கற எடத்தைப் பெரும்பாலும் கேக்கவே மாட்டாங்க, ஏர்ற எடத்துல இருந்து கடைசி ஸ்டாப்பு வரைக்கும் என்ன காசோ அதை ஏறும்போதே புடிச்சுக்குவாங்க. அதாவது அவிநாசில ஏறிக் கருமத்தம்பட்டில எறங்கிட்டீங்கன்னாலும் காந்திபுரம் வரைக்கும் காசு போயிரும், ஆனா நீலாம்பூர்ல ஏறிக் காந்திபுரம் போனா கம்மியாத்தான் புடிக்கும். பஸ்ஸு போகப் போக காசு கொறைஞ்சுட்டே வரும்னு வச்சுக்கங்களேன். சில ரூட்டுல மட்டும் எறங்கும்போது இன்னொருக்கா கார்டைத் தட்டினா மீதி திரும்ப வரும், அப்படி இருந்தா அங்கயே எழுதியிருக்கும்.

எனக்கு இது தெரியல. போன மொத மாசம் வான் சாய்ல இருந்து காஸ்வே பே, ரெண்டும் தீவுலயேதான், ரெண்டு மூணு ஸ்டாப்புத்தான், கூட்டமில்லாம ஒரு பஸ்ஸு வந்துது ஏறிட்டேன், அது டனலுக்குப் போற பஸ்ஸு, அக்கரைக்குப் போற முழுக் காசும் போயிருச்சு. சரி போகுதுன்னு எறங்க வேண்டிய எடத்துல பெல் அடிக்காம ஜன்னல்ல வேடிக்கை பாத்துட்டு இருந்தேனா, டனலுக்குள்ள பூந்து அக்கரையில ஹங் ஹாம்ல கொண்டுபோய் உட்டுட்டான். திரும்பி வர மறுக்கா காசு. ரெண்டு ஸ்டாப்புக்கு ரெண்டு தடவை கடல் தாண்டுன ஆளு நானு. அதனால கிட்டக்க போறதுக்கு ஒண்ணு ரெண்டு இலக்க நம்பர் பஸ்ஸா பாத்து ஏறுங்க.

சில்லறை தரவே மாட்டாங்க. பொட்டியில நோட்டைப் போட்டீங்கன்னா போட்டதுதான். ஆக்டோபஸ் கார்டு வாங்கிருங்க, 1997ல இருந்து இருக்குது, பஸ்ஸு, எம்டிஆருங்கற மெட்ரோ ரயிலு, கடை கண்ணி எல்லாத்துக்கும் அதே கார்டு. இதுல ஒரு நல்ல குணம், கார்டுல கொஞ்சமாச்சும் மீதி இருந்தா, காசு பத்தலைன்னாலும் ஒரு தடவை கடனுக்கு ஏத்திக்கும், நம்ம மளிகைக் கடைக்காரர் நோட்டுல எழுதிக்கிற மாதிரி. அடுத்த தடவை காசு ஏத்தும்போது கழிச்சுக்கும். சில ரூட்டுல பஸ்ஸு மாறினா ரெண்டாவது பஸ்ஸுல தள்ளுபடி உண்டு, ஆனா அதே கார்டைத் தட்டணும், ஊட்டுக்காரம்மா கார்டை மாத்தித் தட்டினா கெடைக்காது. கொழந்தைங்களுக்கு 4 வயசுல இருந்து 11 வரைக்கும் அரை டிக்கெட்டு.

சிட்டிபஸ்ஸுன்னு ஏன் குறிப்பாச் சொல்றேன்னா, தீவுல ஆபீஸெல்லாம் இருக்கற பக்கம் பூரா ஓடறது அவங்கதான். கவுலூன் பக்கம் செவப்பு பஸ்ஸு, அது கேஎம்பி, வேற கம்பெனி. சிட்டிபஸ் 1979ல ஒத்தை பஸ்ஸை வச்சுக் கப்பல் பட்டறைக்கு ஆள் ஏத்திட்டு இருந்த கம்பெனிங்க. நம்ம கொங்கு நாட்டுல ஒரு பர்மிட்டு ஒரு பஸ்ஸுன்னு ஆரம்பிச்சுப் பெருசானவங்க எத்தனை பேரு, அந்தக் கதைதான். 1993ல பழைய கம்பெனி ஒண்ணுகிட்ட இருந்து 26 ரூட்டு இவங்க கைக்கு வந்துது, 2023 ஜூலைல நியூ வேர்ல்டு பஸ்ஸுங்கற இன்னொரு கம்பெனியும் இவங்களோட சேந்துருச்சு. யாராச்சும் பழைய ஆளு அந்தப் பேரைச் சொன்னா கொழம்பிக்காதீங்க.

போன மொத ஞாயித்துக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. கென்னடி டவுன்ல 10ம் நம்பர் ஏறி, மாடியில மொத சீட்டுல உக்காருங்க. மேல நிக்கக் கூடாது, அதனால எடமிருந்தா மட்டும் ஏறுங்க. ஷியுங் வான் பக்கம் கருவாட்டுக் கடை வரிசை, அடுத்தாப்புல சென்ட்ரல், பேங்கு கட்டடமா நிக்கும், அட்மிரால்டி, வான் சாய், காஸ்வே பே, நார்த் பாயிண்டு வரைக்கும் போகும். மரக்கெளை வந்து கண்ணாடியில டப்பு டப்புன்னு அடிக்கும், குனிஞ்சுக்குவீங்க. எம்டிஆர்ல போனா சீக்கிரம் போயிரலாம்தான், ஆனா பூமிக்குள்ள போயி பூமிக்குள்ளயே வந்தா ஊரு எப்படிங்க தெரியும்? உங்க ஆபீஸுக்குப் பக்கத்துல எந்தத் தெருன்னு இந்த ஒரு ரவுண்டுல புரிஞ்சுரும். கோயிலுக்குப் போகணும்னா ஹேப்பி வேலில இருக்குது, குதிரைப் பந்தய மைதானத்துக்குப் பக்கத்துல, 1ம் நம்பர் அந்தப் பக்கம் போகும்.

சின்னச் சின்ன விசயம்: ஸ்டாப்புல வரிசையில நிக்கணும், துண்டு போட்டு எடம் புடிக்கற லொல்லு எல்லாம் நடக்காது. பஸ்ஸு வந்தா கையைக் காட்டுங்க, இல்லாட்டிப் போயிருவான். முன்னால ஏறி நடுவால எறங்கணும். டிராம் மட்டும் தலைகீழு, பின்னால ஏறி எறங்கும்போது காசு. புயல் 8ம் நம்பர் சிக்னல் ஏத்திட்டாங்கன்னா பஸ்ஸு ஒண்ணொண்ணா நின்னுரும், ஆபீஸ்ல உட்டதும் ஊடு போய்ச் சேருங்க, கடையில நிக்காதீங்க.

எறங்கற அன்னிக்கு, கவுலூன்ல தங்கறவங்க ஏ21, தீவுல தங்கறவங்க ஏ11, நடுராத்திரி போய் எறங்கினா என்21 இல்லாட்டி என்11. மூட்டை வைக்கக் கீழ ரேக்கு இருக்குது, அதை கேமரா வச்சு மாடியில டிவியில காட்டுவாங்க. இதைச் சொன்னதும் அந்த அக்கா "அப்ப அரிசிம்பருப்புக்கு நம்மூட்டுப் பருப்பே ரெண்டு கிலோ கொண்டு போகட்டுமுங்களா"ன்னு கேட்டுட்டு, இன்னிக்குக் காலையில பாத்தா அட்டைப்பெட்டியே கட்டி வச்சுட்டாங்க. செவப்புச் சேலைக் கிழிசல்ல நாலு முடிச்சு. டிவியில பளிச்சுன்னு தெரியுமுங்க.