விதைக்குள் உணவு எங்கே இருக்கிறது? பிளந்தே பார்த்துவிடலாம்

மண்ணுக்குள் கிடக்கும் விதைக்கு வெயில் படாது, இலையும் கிடையாது. முதல் இலை பச்சை பிடிக்கும்வரை தாய்ச்செடி சேர்த்துக் கொடுத்ததை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். அந்த உணவு எல்லா விதையிலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை.

காய்ந்த மொச்சை, மக்காச்சோளம், பிளேடு, புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து போதும். மக்காச்சோளத்தைத் தீவனக் கடையில் வாங்குங்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். சாயமேற்றிய விதைப் பாக்கெட் வேண்டாம், அதில் மருந்து தடவியிருப்பார்கள்.

1. இரண்டையும் ராத்திரி ஊறப் போடுங்கள்.

2. காலையில், பிதுக்குப்பருப்புக்குச் செய்கிற மாதிரி மொச்சையைத் தோலிலிருந்து பிதுக்கி, மெதுவாக இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியின் ஓரத்தில் சின்னதாக ஒன்று ஒட்டியிருக்கும். அது கருவின், அதாவது செடியாக வளரப்போகும் குட்டிச் செடியின், ஒரு பகுதி. அதன் ஒரு நுனி முளைவேர். மறுநுனியில் மடிந்த இரண்டு குட்டி இலைகள். உற்றுப் பார்த்தால் நரம்புகூடத் தெரியும். தடித்த பாதிகள் இரண்டும் அந்தக் கருவின் சொந்த விதையிலைகள். மொச்சையிலும் முதலில் கருவூண், அதாவது கருவுக்கு வெளியே அதற்கான உணவைச் சேர்த்து வைக்கும் பகுதி, இருந்தது. விதை முற்றுவதற்குள் கரு அதை உறிஞ்சி, விதையிலைகளில் சேர்த்துவிட்டது.

3. மக்காச்சோளத்தின் தட்டையான ஒரு பக்கத்தில் வெளிறிய திட்டு இருக்கும். அதன் நடுவாக நீளவாக்கில் வெட்டி, தண்ணீர் கலந்த அயோடினை ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறுவது மாவுச்சத்து, அதாவது கருவூண். அந்தத் திட்டு அப்படிக் கறுக்காது, அதுதான் கரு. அதில் எண்ணெய் அதிகம், சோள எண்ணெய் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். இங்கே உணவு கருவுக்கு வெளியே இருப்பதால், ஈரம் பட்டதும் கரு ஜிப்ரலின் என்ற ஹார்மோனை அனுப்புகிறது. கருவூணின் வெளி அடுக்கு அமைலேஸ் நொதியைச் சுரக்க, மாவு சர்க்கரையாகிக் கருவுக்குப் போகிறது. முளைகட்டிய ராகி லேசாகத் தித்திப்பதும் இதனால்தான்.

4. மொச்சை இரண்டை முளைக்கவிட்டு, ஒன்றில் மட்டும் ஒரு விதையிலையைக் கிள்ளிவிட்டு நடுங்கள். எது தளர்கிறது என்று பாருங்கள்.

5. பொள்ளாச்சிப் பக்கம் போனால் முளைவிட்ட தேங்காய் ஒன்று வாங்கி உடையுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். நாம் தின்னும் பருப்பும் குடிக்கும் தண்ணீரும் கருவூண்தான். மூன்று கண்களில் மெத்தென்ற கண்ணுக்கு அடியில் இருக்கும் கரு, முளைக்கும்போது உள்ளே தேங்காய்ப்பூவாக வளர்ந்து, அந்த உணவை உறிஞ்சிக் குருத்துக்கு அனுப்புகிறது. பூ நன்றாகப் பெருத்த காயில் தண்ணீர் வற்றியிருக்கும், பருப்பும் இளகியிருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் பூவைச் சாப்பிடலாம்.