பழைய கார் ஐடில்ல நடுங்குதா? த்ராட்டில் பாடி கரியை நீங்களே எடுக்கலாம்

சிக்னல்ல நிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு ஏறி ஏறி இறங்குது, சில நேரம் வண்டி அப்படியே ஆஃப் ஆயிடுது, ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சா முதல்ல ஒட்டிக்கிட்ட மாதிரி இருந்துட்டு அப்புறம் டக்குனு எகிறுது. பழைய பெட்ரோல் கார்ல இந்த மூணும் சேர்ந்து வந்தா நான் முதல்ல திறந்து பாக்குறது த்ராட்டில் பாடியைத்தான், அதாவது இன்ஜினுக்குப் போற காத்தை ஒரு தட்டு வச்சு கூட்டிக் குறைக்கிற பாகம். பொறுமையா செஞ்சா ஒரு மணி நேர வேலை, புதுசா ஸ்பேனர் பிடிக்கிறவங்களும் தாராளமா செய்யலாம்.

கரி எங்கிருந்து வருதுன்னா, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கசியிற வாயு ஆயில் ஆவியையும் சேத்துக்கிட்டு பிரீதர் ஹோஸ்ங்கிற குழாய் வழியா திரும்ப இன்டேக்குக்கே, அதாவது இன்ஜின் காத்து இழுக்கிற பாதைக்கே வருது, அந்த ஆயில் பிசுக்குல தூசி ஒட்டி, சூட்டுல காஞ்சு கருப்பா படிஞ்சிடுது. ஐடில்ல, அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடும்போது, த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடித்தான் இருக்கும், ஓரத்துல இருக்கிற முடி மாதிரி சந்துலதான் காத்து போகணும், அங்க கரி அடைச்சா என்ன ஆகும்? அதனாலதான் ஹைவேல நல்லா ஓடுற வண்டி சிக்னல்ல மட்டும் தடுமாறுது.

தேவையானது: த்ராட்டில் பாடி கிளீனர் ஸ்ப்ரே, நூல் உதிராத துணி, பழைய டூத் பிரஷ், ஸ்க்ரூ டிரைவர், 10 எம்எம் ஸ்பேனர், கிளவுஸ், கண்ணுக்குப் போடுற பாதுகாப்புக் கண்ணாடி. கார்புரேட்டர் கிளீனர் இருக்கே அதை அடிச்சிடலாம்னு நினைக்காதீங்க, சிலது ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும், உள்ள இருக்கிற கோட்டிங்கையும் சீலையும் கெடுத்துடும்.

ஸ்டெப் 1. இன்ஜின் நல்லா ஆறணும். காத்தோட்டமான இடத்துல நிறுத்துங்க, பக்கத்துல நெருப்பு, சிகரெட் எதுவும் வேணாம், இந்த ஸ்ப்ரே சட்டுனு பத்திக்கும். சாவியை எடுத்துட்டு பேட்டரி நெகட்டிவ் கழட்டிடுங்க.

ஸ்டெப் 2. ஏர் ஃபில்டர் பாக்ஸ்ல இருந்து இன்ஜினுக்குப் போற தடிமனான ரப்பர் ஹோஸ்தான் நமக்கு வேணும். கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல நாலு போட்டோ எடுத்து வச்சிக்கோங்க. ஹோஸ் வழியில கனெக்டரோட ஒரு சென்சார் இருந்தா அது காத்தை அளக்கிற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், உள்ள இருக்கிற கம்பி ரொம்ப மெல்லிசு, கை படக்கூடாது, இந்த கிளீனரும் படக்கூடாது, அதுக்குன்னு தனி ஸ்ப்ரே இருக்கு.

ஸ்டெப் 3. கிளாம்பை லூஸ் பண்ணி ஹோஸை உருவினா வட்டமா ஒரு தட்டு தெரியும். இங்கதான் நிதானம் வேணும். கேபிள் டைப்னா வெளியில இருக்கிற கேபிள் சக்கரத்தைக் கையால திருப்பினா தட்டு திறக்கும். கேபிள் இல்லாம மோட்டாரோட வர்ற எலக்ட்ரானிக் டைப்னா தட்டை விரலால அழுத்தித் தள்ளாதீங்க, உள்ள சின்ன கியர் இருக்கு, உங்க வண்டி மேனுவல் கையால திறக்க வேணாம்னு சொன்னா தெரியிற பக்கத்தை மட்டும் துடைங்க போதும். சாவி ஆன்ல இருக்கும்போது விரலை உள்ள விடவே கூடாது, மோட்டார் தட்டை மூடினா விரல் மாட்டிக்கும்.

ஸ்டெப் 4. ஸ்ப்ரேயை நேரா உள்ள பீச்சி அடிக்காம துணில அடிச்சு துடைங்க. உள்ள ஓடுற கரித்தண்ணி, சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சுக் குடுக்கிற மானிஃபோல்டுக்குத்தான் போகும், அதான் காரணம். தட்டோட ஓரம், அது உக்கார்ற வளையம், இந்த ரெண்டு இடம்தான் முக்கியம். காஞ்சு போன கரிக்கு பிரஷ்ல கொஞ்சம் கிளீனர் தொட்டு ஊற விட்டு தேயுங்க, கத்தி, உப்புக்காகிதம் எல்லாம் கிட்டயே கொண்டு வராதீங்க. சில த்ராட்டில் பாடில கம்பெனியே கருப்பா ஒரு கோட்டிங் குடுத்திருப்பாங்க, அதையும் அழுக்குன்னு சுரண்டிட்டா திரும்ப வராது. துணில கருப்பு வர்றது நின்னுச்சுன்னா நீங்களும் நிறுத்திடுங்க.

ஸ்டெப் 5. கேபிள் டைப் வண்டில ஐடில் நேரத்துக் காத்தைக் கட்டுப்படுத்துற ஐடில் கண்ட்ரோல் வால்வ் தனியா இருக்கும், ரெண்டு மூணு ஸ்க்ரூல கழண்டு வரும். அதோட நுனியைக் கீழ பாத்து பிடிச்சு துடைங்க. நான் முதல் தடவை மேல பாத்து பிடிச்சு ஸ்ப்ரே அடிச்சேன், கிளீனர் மோட்டாருக்குள்ள இறங்கி வால்வே போச்சு, புதுசு வாங்க வேண்டியதாயிடுச்சு. அந்த நுனியை அழுத்தவும் வேணாம், கேஸ்கெட் கிழிஞ்சிருந்தா மாத்திடுங்க.

ஸ்டெப் 6. ஒரு 15 நிமிஷம் காய விட்டு, போட்டோவைப் பாத்து எல்லாத்தையும் மாட்டுங்க. கிளாம்ப் சரியா உக்காரலைன்னா வெளிக்காத்து உள்ள இழுக்கும், உஸ்ஸுன்னு சத்தம் கேக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் சுத்தி எடுக்கும், லேசா புகையும் வரலாம், பயப்பட வேணாம். ஐடில் முதல்ல ஏறி நிக்கும், ஏன்னா இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் இன்னும் பழைய கரிக்குத் தகுந்த கணக்குலயே இருக்கலாம். ஏசி போடாம ஒரு 10 நிமிஷம் சும்மா ஓட விடுங்க. நிறைய வண்டில 700ல இருந்து 850 ஆர்பிஎம்க்குள்ள வந்து நிக்கும். வரலைன்னா ஐடில் ரீலேர்ன், அதாவது கம்ப்யூட்டருக்கு ஐடிலை மறுபடி பழக்குறது, எப்படி பண்றதுன்னு மேனுவல்ல பாருங்க, ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு முறை.

டீசல் வண்டிக்கு இதை அப்படியே பண்ணாதீங்க, அதுல ஈஜிஆர், அதாவது புகையில ஒரு பங்கை திரும்ப இன்ஜினுக்கே அனுப்புற அமைப்பு, வழியா வர்ற புகைக்கரி தார் மாதிரி படிஞ்சிருக்கும், பார்ட்டைக் கழட்டி வெளியில வச்சுத்தான் கிளீன் பண்ணணும். ஓடுற டீசல் இன்ஜின்ல எரியிற ஸ்ப்ரேயை அடிச்சா கட்டுப்பாடு இல்லாம ரேஸ் ஆகிடும் அபாயம் இருக்கு. நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிலயும் இன்டேக் வால்வ் மேல படியிற கரிக்கு இந்த வேலை பத்தாது, அங்க பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போறதால வால்வ் மேல படாது, அதனால அந்தக் கரி கழுவப்படுறதே இல்ல.

ஒண்ணு மறந்துடாதீங்க, கழட்டின ஹோஸுக்குள்ள ஆயில் தேங்கி நின்னுச்சுன்னா ரிங்கைத் தாண்டி கசியிற வாயுவை இன்டேக்குக்கு அனுப்புற பிசிவி வால்வ் அடைச்சிருக்கலாம், அதை விட்டுட்டு த்ராட்டிலை மட்டும் துடைச்சா சீக்கிரமே மறுபடி கருத்துடும். வால்வை கழட்டி காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, உள்ள கடகடன்னு சத்தம் வரணும், வரலைன்னா அதை மாத்திடுங்க.